பம்பர் எடை 4 கிலோ... பார்சல் பில் 50 கிலோவுக்கு! ஆன்லைனில் கார் பார்ட்ஸ் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

காரில் ஒரு பக்க ஹெட்லைட் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைனில் தேடினால் ஒரு கடையில் 2,950 ரூபாய். இன்னொரு கடையில் அதே ஹெட்லைட் 3,300 ரூபாய். எதை ஆர்டர் பண்ணுவீங்க?

நம்மில் பலரும் யோசிக்காமல் முதல் கடையைத்தான் அமுக்குவோம். ஆனால், பணம் கட்டும் கடைசிப் பக்கத்துக்குப் போனால் முதல் கடையில் டெலிவரி சார்ஜ் 680 ரூபாய். இரண்டாவது கடையில் 150 ரூபாய். இப்போது கூட்டிப் பாருங்க. முதல் கடை 3,630 ரூபாய், இரண்டாவது கடை 3,450 ரூபாய். 'விலை குறைவு' என்று நினைத்த கடையில்தான் 180 ரூபாய் அதிகம்!

இது ஓர் உதாரணக் கணக்குதான். ஆனால், கார் உதிரிபாகங்களை ஆன்லைனில் வாங்கும் பலருக்கும் நடப்பது இதுதான். பொருளின் விலையை நான்கு இடத்தில் ஒப்பிடுகிறோம். பார்சல் செலவை யாரும் ஒப்பிடுவதில்லை. அந்தச் செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது, எந்தப் பொருளுக்கு எந்த வழி லாபம், பொருள் மாறி வந்தாலோ உடைந்து வந்தாலோ யார் தலையில் விழும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஜிஎஸ்டி குறைந்ததே... அப்புறம் என்ன கவலை?

2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல் கார் உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதமாக 18 சதவீத ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு பல பாகங்களுக்கு 28 சதவீதம் வரி இருந்தது. செப்டம்பர் 3-ம் தேதி கூடிய 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவு இது.

அடிப்படை விலை 2,500 ரூபாய் உள்ள ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 28 சதவீத வரி இருந்தபோது அதன் விலை 3,200 ரூபாய். 18 சதவீதம் ஆனபிறகு 2,950 ரூபாய். ஆக, மிச்சம் 250 ரூபாய்.

நல்ல விஷயம்தான். ஆனால், மேலே சொன்ன இரண்டு கடைகளுக்கும் இடையே பார்சல் கட்டணத்தில் மட்டும் இருந்த வித்தியாசம் எவ்வளவு? 530 ரூபாய்! அரசு குறைத்த வரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது, வரி குறைந்ததால் கிடைத்த லாபத்தை ஒரு அட்டைப்பெட்டி அப்படியே விழுங்கிவிட முடியும்.

இன்னொன்றையும் கவனிக்கணும். விற்பவரே டெலிவரி சார்ஜையும் சேர்த்து பில் போட்டால், அந்த சார்ஜுக்கும் பொருளோடு சேர்த்து ஜிஎஸ்டி உண்டு. காட்டப்படும் கட்டணம் வரியோடு சேர்த்தா, வரி தனியா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

4 கிலோ பம்பருக்கு 50 கிலோ பில் எப்படி?

பார்சல் கட்டணத்தில் பலரும் ஏமாறும் இடம் இதுதான். கூரியர் நிறுவனங்கள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதையும் பார்க்கின்றன. இதற்குப் பெயர் 'வால்யூமெட்ரிக் வெயிட்'. தமிழில் கொள்ளளவு எடை என்று சொல்லலாம்.

கணக்கு ரொம்ப சிம்பிள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்க வேண்டும். வரும் எண்ணை 5,000 ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் கொள்ளளவு எடை, கிலோவில். தராசில் காட்டும் எடை, இந்தக் கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்.

ஏன் இப்படி? ஒரு வேன் முழுக்கப் பம்பர்களை ஏற்றினால், இடம் நிரம்பிவிடும், எடை ஏறாது. வேனுக்கான டீசல், டிரைவர் சம்பளம் எல்லாம் ஆகத்தானே செய்யும்? அதனால் இடத்துக்கு வாடகை வாங்குகிறார்கள். நியாயம்தான். ஆனால், அது வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவதில்லை என்பதுதான் பிரச்னை.

சில பாகங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டி அளவுகள் தோராயமானவை. மாடலுக்கு மாடல் மாறும்.

முன்பக்க பம்பர்: பெட்டி 160 × 45 × 35 செ.மீ. கொள்ளளவு எடை 50.4 கிலோ. உண்மையான எடை சுமார் 4 கிலோ. பில் 50 கிலோவுக்கு மேல்.

ஹெட்லைட்: பெட்டி 60 × 40 × 35 செ.மீ. கொள்ளளவு எடை 16.8 கிலோ. உண்மையான எடை சுமார் 3 கிலோ. பில் 17 கிலோவுக்கு.

சைடு மிரர்: பெட்டி 30 × 25 × 20 செ.மீ. கொள்ளளவு எடை 3 கிலோ. உண்மையான எடை சுமார் 1 கிலோ. பில் 3 கிலோவுக்கு.

கிளட்ச் செட்: பெட்டி 30 × 30 × 12 செ.மீ. கொள்ளளவு எடை 2.16 கிலோ. உண்மையான எடை சுமார் 5 கிலோ. இங்கே பில் 5 கிலோவுக்கு.

பிரேக் பேட் செட்: பெட்டி 18 × 15 × 8 செ.மீ. கொள்ளளவு எடை அரை கிலோகூட இல்லை. உண்மையான எடை சுமார் ஒன்றரை கிலோ. பில் ஒன்றரை கிலோவுக்கு.

பார்த்தீங்களா? கையில் தூக்கினால் பம்பரைவிட கிளட்ச் செட் கனமாக இருக்கும். ஆனால், கூரியர் பில்லில் பம்பர்தான் பத்து மடங்கு கனம். இரும்பு பாகங்களுக்கு எடைக்கு பில். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பெட்டிக்கு பில். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் கணக்கு முடிந்தது.

5 சென்டிமீட்டர்... 200 ரூபாய்!

அதே ஹெட்லைட்டை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 40 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 17 கிலோவுக்கு 680 ரூபாய். இப்போது பெட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் 5 சென்டிமீட்டர் மட்டும் குறைக்கலாம். 55 × 35 × 30 செ.மீ. பெட்டி. கொள்ளளவு எடை 11.55 கிலோ. 12 கிலோ என்று எடுத்துக்கொண்டால் 480 ரூபாய். பொருள் அதேதான், தூரமும் அதேதான். 200 ரூபாய் மிச்சம்.

அதனால், கடைக்காரரிடம் பேச வாய்ப்பு இருந்தால் "பெட்டி அளவு என்ன?" என்று கேட்டுவிடுங்க. கையில் கிடைத்த பெரிய பெட்டியில் போட்டு, மீதி இடத்தில் பேப்பரைத் திணித்து அனுப்பும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அந்தப் பேப்பர் அடைத்த இடத்துக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். அதற்காக, உடையக்கூடிய பொருளைச் சுற்றி பாதுகாப்பே இல்லாமல் அனுப்பச் சொல்லக் கூடாது. தேவையான அளவு பபுள் ஷீட், அதற்கு ஏற்ற பெட்டி. அவ்வளவுதான்.

வகுக்கும் எண்ணையும் கேட்க வேண்டும். 5,000 பரவலாக இருந்தாலும், சில சேவைகளில் அது மாறும். மேலே சொன்ன பம்பரை 4,000 ஆல் வகுத்தால் 63 கிலோ. 6,000 ஆல் வகுத்தால் 42 கிலோ. 'எங்க கிட்ட கிலோ ரேட் கம்மி' என்று சொல்பவர் எந்த எண்ணால் வகுக்கிறார் என்று தெரியாமல் அந்த ரேட்டை நம்ப முடியாது.

எந்த வழியில் அனுப்பினால் லாபம்?

பார்சல் வருவதற்கு ஒரு வழி மட்டும் இல்லை. பொருளைப் பொறுத்து வழி மாறணும்.

விமானம் வழி கூரியர்: வேகம் அதிகம், செலவும் அதிகம். சென்சார், ரிலே, ஸ்விட்ச், சாவி மாதிரி சின்னப் பொருட்களுக்கு சரி. முதல் 500 கிராமுக்கு ஒரு கட்டணம், அதன்பிறகு ஒவ்வொரு 500 கிராமுக்கும் கூடுதல் கட்டணம் என்பது பல நிறுவனங்களின் முறை. தூரத்தை மண்டலமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரே ஊருக்குள், ஒரே மாநிலத்துக்குள், மெட்ரோ நகரங்களுக்கு இடையே, மற்ற இடங்கள் என்று போகும். வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு-காஷ்மீர் போன்ற இடங்களுக்கு வழக்கமாகக் கட்டணம் கூடும்.

தரைவழி கூரியர்: இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஆகலாம். ஆனால் சில கிலோ எடையுள்ள பிரேக் டிஸ்க், கிளட்ச் செட், வாட்டர் பம்ப் போன்ற பாகங்களுக்கு இதுதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

இந்தியா போஸ்ட்: நாடு முழுவதும் 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள். தனியார் கூரியர் வராத கிராமத்துக்கும் தபால்காரர் வருவார். சில தனியார் நிறுவனங்கள் உங்கள் பின்கோடு தங்கள் வழக்கமான எல்லைக்கு வெளியே இருந்தால் தனியாக ஒரு கட்டணம் சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் இருப்பவர்கள் ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2025 அக்டோபர் 1-ம் தேதி முதல் ஸ்பீட் போஸ்ட் கட்டணம் மாற்றப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பு 2012-ல்தான் மாற்றினார்கள். வாட்ஸ்அப்பில் பரவும் புதிய கட்டணப் பட்டியல்களில் பல, தபால் உறை போன்ற ஆவணங்களுக்கானவை. அதை வைத்து பார்ட்ஸ் பார்சலுக்குக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். அஞ்சலகத்திலோ, இந்தியா போஸ்ட் இணையதளத்திலோ எடையையும் பின்கோடையும் கொடுத்துப் பார்ப்பதே சரி.

லாரி பார்சல் சர்வீஸ்: பம்பர், பானெட், டோர், டிக்கி மூடி, ரேடியேட்டர், கண்ணாடி, கியர்பாக்ஸ், இன்ஜின் போன்ற பெரிய ஐட்டங்களுக்கு இந்த வழியைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கூரியரில் 50 கிலோ கணக்கில் பில் வரும் பம்பரை, பல லாரி ஷெட்டுகளில் ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசி அனுப்ப முடியும். பணத்தை அனுப்புபவரே கட்டினால் 'பெய்டு'. நீங்கள் எடுக்கும்போது கட்டினால் 'டூ பே'. புக் பண்ணியதும் கொடுக்கும் ரசீதுதான் எல்.ஆர். காப்பி. அதன் போட்டோவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் தொல்லை என்னவென்றால், பெரும்பாலும் வீட்டுக்கு வராது. ஊருக்கு வெளியே இருக்கும் குடோனுக்கு நாமே போய் எடுக்கணும். லோடு ஆட்டோ வாடகை, ஏற்று இறக்குக் கூலி எல்லாம் நம் கணக்கு. குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் 'டெமரேஜ்' என்று குடோன் வாடகையும் போடுவார்கள். இதையெல்லாம் கூட்டிய பிறகுதான் கூரியரோடு ஒப்பிட வேண்டும்.

பஸ் பார்சல்: ராத்திரி ஏற்றினால் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பலம். சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வாங்கிய பொருளை மதுரைக்கோ நெல்லைக்கோ அவசரமாக அனுப்ப மெக்கானிக்குகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் வழி. அரசு விரைவுப் பேருந்துகளிலும் 2022 முதல் பார்சல் சேவை இருக்கிறது. வண்டி ஓடினால்தான் வருமானம் என்று இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

'ஃப்ரீ டெலிவரி' என்றால் நிஜமாகவே இலவசமா?

இல்லீங்க. யாரோ ஒருவர் அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் ஆகணும். பெரும்பாலும் அது பொருளின் விலைக்குள் இருக்கும். ஆரம்பத்தில் பார்த்த இரண்டாவது கடை 350 ரூபாய் அதிக விலை வைத்துவிட்டு, டெலிவரிக்கு 150 ரூபாய் மட்டும் வாங்கியது. பார்சல் செலவில் ஒரு பகுதியை விலைக்குள் வைத்திருக்கலாம்.

இது ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. சில நேரம் நமக்கு நல்லதும்கூட. எப்படி? பொருள் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பல கடைகளில் பொருளின் விலைதான் திரும்பக் கிடைக்கும். டெலிவரி சார்ஜ் கிடைக்காது. அப்படியானால் முதல் கடையில் 680 ரூபாய் போச்சு. இரண்டாவது கடையில் 150 ரூபாய்தான் போச்சு. ஆனால், 'ஃப்ரீ டெலிவரி பொருளைத் திருப்பினால் அனுப்பிய செலவைக் கழித்துக்கொள்வோம்' என்று விதி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. ரிட்டர்ன் பாலிசியில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

டெலிவரி கட்டணத்தைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைப்பது சரியா? சட்டப்படி சரியில்லை. 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். அதில் டெலிவரி, பேக்கிங், வரி எவ்வளவு என்ற பிரிப்பும் இருக்க வேண்டும். முதலில் குறைந்த விலையைக் காட்டி, பணம் கட்டும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கட்டணத்தைச் சேர்ப்பதை 'டிரிப் பிரைசிங்' என்பார்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 வகை தந்திரங்களில் இதுவும் ஒன்று. நாம் கேட்காத பொருளையோ கட்டணத்தையோ கூடையில் தானாகச் சேர்த்து வைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இப்படி நடந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

பில்லில் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன வரிகள்

கிலோ ரேட்டை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. எரிபொருள் விலைக்கு ஏற்ப சதவீதக் கணக்கில் சேர்க்கும் 'ஃப்யூயல் சர்சார்ஜ்', ரசீது போடுவதற்கு 'டாக்கெட் சார்ஜ்', பொருளின் மதிப்புக்கு ஏற்ப 'ரிஸ்க் சார்ஜ்', வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் டோர் டெலிவரி கட்டணம், கையில் பணம் கொடுப்பதாக இருந்தால் சி.ஓ.டி. கட்டணம், கடைசியாக ஜிஎஸ்டி. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். எல்லாம் சேர்ந்தால் சின்னது இல்லை. அதனால் "கிலோ எவ்வளவு?" என்று கேட்காமல், "என் பின்கோடுக்கு, என் வீட்டு வாசல் வரைக்கும், எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்க.

மலிவான பொருட்களை வாங்கும்போது இது இன்னும் முக்கியம். 250 ரூபாய் ஆயில் ஃபில்டருக்கு 80 ரூபாய் டெலிவரி என்றால், விலையில் மூன்றில் ஒரு பங்கு பார்சலுக்கே போய்விடுகிறது. ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர் மூன்றையும் ஒரே கடையில் சேர்த்து வாங்கினால் ஒரே பெட்டியில் வரும். ஆனால், ஒரே ஆப்பில் வாங்கினாலும் மூன்றும் மூன்று விற்பனையாளர்களிடம் இருந்து வந்தால் மூன்று டெலிவரி சார்ஜ் விழலாம். 'விற்பவர்' என்ற இடத்தில் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்க.

பெரிய செலவு, தப்பான பார்ட்

பார்சல் கணக்கில் நம்மை நிஜமாகவே அடிப்பது போகும் செலவு இல்லை, திரும்பும் செலவு. சட்டையை மாற்றி அனுப்பினால் சமாளித்துக்கொள்ளலாம். கார் பார்ட் அப்படி இல்லை. ஒரே மாடல் காரில் ஆண்டுக்கு ஆண்டு, வேரியன்ட்டுக்கு வேரியன்ட் பாகங்கள் மாறும். பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் கிளட்ச் வேறு. பார்க்க அச்சு அசலாக இருக்கும் பிரேக் பேட், மாட்டும்போது ஒரு மில்லிமீட்டரில் இடிக்கும்.

அப்படித் தப்பாக வந்தால் ஆகும் செலவைப் பாருங்கள். வந்த பார்சல் காசு, திருப்பி அனுப்பும் பார்சல் காசு, மறுபடி சரியான பொருள் வரும் பார்சல் காசு. ஒரு பொருளுக்கு மூன்று பயணம்! மெக்கானிக் கழற்றி மாட்டிய கூலி தனி. ஒருமுறை மாட்டிவிட்ட பொருளைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. சென்சார், இசிஎம் போன்ற எலெக்ட்ரிக்கல் பாகங்களுக்கு 'நோ ரிட்டர்ன்' என்று முதலிலேயே போட்டிருப்பார்கள்.

வாடகைக் கார் ஓட்டுபவருக்கு இதற்கு மேலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எல்லாம் போக 1,000 ரூபாய் கையில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், 400 ரூபாய் மிச்சப்படுத்த நான்கு நாள் கூடுதலாகக் காத்திருப்பது 4,000 ரூபாய் நஷ்டம். வண்டிக் கடனுக்கான மாதத் தவணை அந்த நான்கு நாளுக்காகக் காத்திருக்காது. இப்படிப்பட்டவருக்கு உள்ளூர் கடையில் கொஞ்சம் அதிகம் கொடுத்து அன்றைக்கே வாங்குவதுதான் உண்மையில் மலிவு.

இதைத் தவிர்க்க ஒரே வழி, பார்ட் நம்பர். பழைய பாகத்திலோ அதன் பெட்டியிலோ அச்சடித்திருக்கும். இல்லையென்றால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 இலக்க சேஸிஸ் எண்ணைச் சொல்லி, கம்பெனி ஷோரூம் பார்ட்ஸ் கவுன்ட்டரில் கேட்கலாம். ஆர்டர் போடும் முன் விற்பவருக்கும் அந்த எண்ணை அனுப்பி, "இது பொருந்துமா?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளையோ, குறைபாடுள்ள, போலியான பொருளையோ திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த எழுத்துப் பதில் அப்போது உங்களுக்கு சாட்சி.

உடைந்து வந்தால்? தொலைந்து போனால்?

கடைக்காரரே அனுப்பி வைக்கும் ஆன்லைன் ஆர்டர் என்றால், நீங்கள் கேட்க வேண்டியது அந்தக் கடைக்காரரைத்தான். 'கூரியர்காரன் உடைச்சுட்டான், அவன்கிட்ட கேளுங்க' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

ஆனால், டெல்லி காஷ்மீரி கேட் சந்தையிலோ புதுப்பேட்டையிலோ போனில் பேசி, ஜிபேயில் பணம் அனுப்பி, "ஏதாவது லாரியில போட்டு விடுங்க, டூ பே" என்று நீங்களே சொல்லியிருந்தால் கதை வேறு. வழியில் ஆகும் சேதத்துக்கு விற்றவர் கையை விரித்துவிடலாம்.

லாரி சர்வீஸ் எவ்வளவு தரும்? 2007-ம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. கூடுதல் மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்கான ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டால், இழப்பீடு பொதுவாக நாம் கொடுத்த பார்சல் கட்டணத்தைப் போல 10 மடங்கு வரைதான். 150 ரூபாய் கொடுத்து அனுப்பிய 3,300 ரூபாய் ஹெட்லைட் தொலைந்தால், வரம்பு 1,500 ரூபாய். மீதி 1,800 ரூபாய் நம் நஷ்டம். பார்சல் கட்டணம் குறையக் குறைய இந்தப் பாதுகாப்பும் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். விலை உயர்ந்த பொருளுக்கு மதிப்பை எழுதி, ரிஸ்க் கட்டணம் கட்டி அனுப்புவதே நல்லது. வழக்கு வரை போக வேண்டியிருந்தால், புக் செய்த நாளில் இருந்து 180 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

பெட்டி நசுங்கி வந்தால் டெலிவரி ரசீதில் 'பெட்டி சேதம்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரிக்கும்போது, முகவரி ஸ்டிக்கர் தெரியும்படி ஒரே ஷாட்டில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் பார்சலில் அனுப்ப முடியாது

ஏர்பேக், சீட் பெல்ட் டென்ஷனர், ஆசிட் உள்ள பேட்டரி, பெயின்ட், ஸ்ப்ரே கேன் போன்றவை ஆபத்தான சரக்கு என்ற வகையில் வருபவை. விமானப் பார்சலில் இவற்றுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்று பொதுவாக எழுதி அனுப்பிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீங்க. பிடிபட்டால் பார்சல் அங்கேயே நின்றுவிடும். பேட்டரியை உள்ளூரில் வாங்கினால் பழைய பேட்டரிக்கும் ஒரு விலை கிடைக்கும். ஆன்லைனில் பெரும்பாலும் அந்தத் தள்ளுபடி கிடைக்காது.

இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற விலை உயர்ந்த பாகங்களை வெளிமாநிலத்தில் வாங்கி, மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே அனுப்பினால் இந்த வரம்பு ஒரு லட்சம் ரூபாய். 'பில் இல்லாம அனுப்புறேன், விலை குறையும்' என்று சொல்பவரிடம் வாங்கினால், வழியில் சோதனையில் மாட்டும்போது நிற்பது உங்கள் பொருள்தான்.

வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால்?

பழைய கார், இறக்குமதி கார் வைத்திருப்பவர்கள் ஜப்பான், துபாய் என்று ஆர்டர் போடுவதுண்டு. இங்கே பார்சல் செலவு இரண்டு முறை அடிக்கும். ஒருமுறை பார்சலுக்கான காசு. இன்னொரு முறை, அந்தக் காசின் மேலும் வரி. சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. பொருள் விலை, அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த மதிப்புக்குப் போடப்படுகிறது. அதன் மேல் ஜிஎஸ்டியும் வரும்.

இதில் நமக்கு சாதகமான ஒரு விதியும் இருக்கிறது. விமானத்தில் வரும் பொருளுக்கு அனுப்பும் செலவு எவ்வளவு ஆகியிருந்தாலும், ஏற்றுமதி செய்யும் இடத்தில் உள்ள பொருளின் மதிப்பில் 20 சதவீதத்துக்கு மேல் வரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 10,000 ரூபாய் பொருளுக்கு 4,000 ரூபாய் விமானப் பார்சல் ஆகியிருந்தால், வரிக்காக 2,000 ரூபாய்தான் சேர்க்கப்பட வேண்டும். வரி ரசீதில் இதைச் சரிபாருங்கள். கூரியர் நிறுவனம் சுங்க வேலைக்காகத் தனியாக வாங்கும் கட்டணத்தையும் ஆர்டருக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தாத பொருளை வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு, சில நேரம் பொருளின் விலையையே தாண்டிவிடும்.

ஆர்டர் போடும் முன் 7 கேள்விகள்

1. பார்ட் நம்பர் சரியா? விற்பவர் எழுத்தில் உறுதி சொன்னாரா?

2. பெட்டி அளவு என்ன? கொள்ளளவு எடை எவ்வளவு வருகிறது?

3. என் பின்கோடுக்கு எல்லாம் சேர்த்து மொத்தத் தொகை எவ்வளவு?

4. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? முதலில் கட்டிய டெலிவரி சார்ஜ் திரும்ப வருமா?

5. உடைந்தால் அல்லது தொலைந்தால் எவ்வளவு கிடைக்கும்?

6. எத்தனை நாளில் வரும்? அத்தனை நாள் வண்டி நின்றால் எனக்கு என்ன நஷ்டம்?

7. இதே பொருள் உள்ளூர் கடையில் என்ன விலை?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சின்ன, விலை உயர்ந்த, பார்ட் நம்பர் உறுதியான பொருளுக்கு ஆன்லைன் பெரும்பாலும் லாபம். இரும்புப் பாகங்களுக்குத் தரைவழி கூரியர், பெரிய பிளாஸ்டிக் மற்றும் பாடி பாகங்களுக்கு லாரி பார்சல், அவசரத்துக்கு பஸ் பார்சல். பேட்டரி, ஆயில் மாதிரி எங்கும் கிடைக்கும் பொருளுக்குப் பக்கத்துக் கடையே போதும்.

அடுத்த முறை இரண்டு கடைகளை ஒப்பிடும்போது, இரண்டிலும் உங்கள் பின்கோடைப் போட்டு பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். அங்கே தெரியும் தொகையோடு, திருப்பி அனுப்ப நேர்ந்தால் ஆகும் செலவையும் ஒரு பேப்பரில் எழுதிக் கூட்டுங்கள். எந்தக் கடை மலிவு என்பது அப்போதுதான் தெரியும்.